விசா மறுப்பு: யார் செய்த பிழை?



அல்சூர் ஏரிக்கரையில் தமிழுக்கு எழுப்பிய இந்த இல்லத்தின் மேடையில் கம்பனைப் பற்றிப் பேசுவார்கள், சிலம்பைப் பற்றிப் பேசுவார்கள். நான் இன்று ஒரு கடிதத்தைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். "உங்கள் விசா விண்ணப்பம் மறுக்கப்பட்டது" என்று வருகிற கடிதம். காகிதத்தில் நேர்ந்த ஒரு பிழைக்காக வருகிற மறுப்பு. அதை எதிர்த்து எங்கே முறையிடுவது, எத்தனை நாளுக்குள் முறையிடுவது, எப்போது முறையிடாமல் இருப்பது நல்லது? இதுதான் இன்றைய பொருள்.

பெங்களூரில் இதைப் பேசாமல் வேறு எந்த ஊரில் பேசுவது? மகன் டொரான்டோவில், மகள் மியூனிக்கில், பேரன் டல்லஸில். இப்படிக் குடும்பங்கள் ஒயிட்ஃபீல்டில் மட்டும் இல்லை. அல்சூரில் இருக்கின்றன, ஸ்ரீராமபுரத்தில் இருக்கின்றன, கோலார் தங்கவயலை விட்டு இங்கே குடியேறிய வீடுகளிலும் இருக்கின்றன. ஜெர்மனி, பிரான்ஸ், பிரிட்டன், ஜப்பான், ஆஸ்திரேலியா என்று எத்தனையோ நாடுகளின் அலுவலகங்கள் நம் ஊரிலேயே உண்டு. 2025 ஜனவரியில் அமெரிக்கத் துணைத் தூதரகமும் இங்கே தொடங்கப்பட்டது. ஆனால் விசா வேலை இல்லாமல்தான் அது தொடங்கியது. அமெரிக்க நேர்காணல் என்றால் நாம் சென்னை ரயிலைத்தான் பிடித்தோம்.

ஒரு வீட்டை நினைத்துப் பாருங்கள். மகளுக்குப் பிரசவ நாள் குறித்தாகிவிட்டது. அம்மா லேகியம் கிளறி டப்பாவில் அடைத்தாகிவிட்டது. குழந்தைக்கு வசம்பு வளையலும் வாங்கியாயிற்று. அந்த நேரம் பார்த்து மறுப்பு வருகிறது. வீடு என்ன செய்யும்? முதலில் அழும். பிறகு ஒருவரையொருவர் குறை சொல்லும். அதன் பிறகு ஏஜென்ட்டுக்குப் போன் போடும். அந்தப் பக்கத்திலிருந்து வரும் பதில் பெரும்பாலும் ஒன்றுதான்: "பரவாயில்லை சார், மறுபடியும் போட்டுடலாம்." அதே பேப்பர், அதே கவர் லெட்டர், புதிதாகக் கட்டணம். அதே மறுப்பு மறுபடியும் வருகிறது.

நண்பர்களே, அந்தக் கடிதம் கைக்கு வந்ததும் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். யார் செய்த பிழை? நம் காகிதத்தில் பிழையா, காகிதத்தைப் படித்தவர் கண்ணில் பிழையா? நம் பிழை என்றால் திருத்திப் புதிதாக விண்ணப்பியுங்கள். அவர் பிழை என்றால் முறையிடுங்கள். இந்த இரண்டையும் மாற்றிச் செய்வதில்தான் நம் மக்களின் மாதங்களும் பணமும் கரைகின்றன.

காகிதத்தைக் காட்டி நம்மைத் தடுப்பது புதிதா? இல்லை. 1913ஆம் ஆண்டுக்கு வாருங்கள். அந்த ஒரே ஆண்டில், இரண்டு கண்டங்களில், இரண்டு நீதிமன்றங்களில் நடந்ததைச் சொல்கிறேன்.

தென்னாப்பிரிக்கா. ஹசன் ஈசாப் என்ற இந்தியர் தாயகம் போய்த் தம் மனைவியை அழைத்துவந்தார். அந்த அம்மையாரைக் கரையிறங்க விடவில்லை. வழக்கு நீதிபதி சியர்ல் முன் வந்தது. 1913 மார்ச் 14 அன்று தீர்ப்பு. பலதார மணத்துக்கு இடம் தருகிற சமய முறையில் நடந்த திருமணம் இந்த நாட்டுச் சட்டத்தின் கண்ணில் திருமணம் ஆகாது என்றார் அவர். யோசித்துப் பாருங்கள்! தாலி கட்டிக்கொண்டவளும் நிக்காஹ் முடித்தவளும் ஒரே நாளில் மனைவி இல்லாதவர்கள் ஆனார்கள்.

காந்தியடிகளின் போராட்டத்துக்குள் பெண்கள் இறங்கியது இதற்குப் பிறகுதான். மூன்று பவுன் தலைவரி என்ற கொடுமையும் சேர்ந்துகொண்டது. டிரான்ஸ்வாலின் தமிழ்ப் பெண்கள் கைக்குழந்தைகளோடு சிறைக்குப் போனார்கள். தில்லையாடி வள்ளியம்மை என்று நாம் போற்றுகிற அந்தப் பெண் பிறந்தது ஜோகன்னஸ்பர்கில். வேர் மட்டும் தில்லையாடியில். சிறையில் பிடித்த காய்ச்சலோடு வெளியே வந்து, 1914 பிப்ரவரி 22 அன்று உயிர் துறந்தார். வயது 16. அந்த ஆண்டு நிறைவேறிய இந்தியர் நிவாரணச் சட்டம் நம் திருமணங்களுக்கு ஏற்பு தந்தது, தலைவரியையும் நீக்கியது. நம்முடைய திருமணச் சான்றிதழை வேறொரு நாட்டு அதிகாரி ஏற்பதற்குப் பின்னால் ஒரு தமிழ்ச் சிறுமியின் உயிர் இருக்கிறது என்பதை இந்த மன்றத்தில் நான் சொல்லாமல் வேறு யார் சொல்வது?

இனி கனடா. அதே 1913ஆம் ஆண்டு. பனாமா மாரு என்ற கப்பலில் வந்த சில டஜன் இந்தியர்களை, பெரும்பாலும் சீக்கியர்களை, திருப்பி அனுப்ப உத்தரவாகிறது. தாய்நாட்டிலிருந்து இடைநில்லாப் பயணமாக வர வேண்டும், கையில் இவ்வளவு பணம் வைத்திருக்க வேண்டும் என்று அரசாணைகள் இருந்தன. பேர்ட் என்ற வழக்கறிஞர் அந்த ஆணைகளைச் சட்டத்தின் பக்கத்தில் வைத்துச் சொல் சொல்லாக ஒப்பிட்டார். ஆணையின் வாசகமும் சட்டத்தின் வாசகமும் பொருந்தவில்லை! பிரிட்டிஷ் கொலம்பியாவின் தலைமை நீதிபதி ஹண்டர் நவம்பரில் ஆணைகள் செல்லாது என்றார். பயணிகள் விடுதலையானார்கள்.

பிழை யாருடையது? இந்த முறை அரசாங்கத்தின் காகிதத்தில் பிழை. அரசு என்ன செய்தது? சொற்களைத் திருத்தி ஆணைகளைப் புதிதாக வெளியிட்டது. 1914 மே 23 அன்று கோமகட்டா மாரு 376 பயணிகளோடு வான்கூவர் வந்தபோது திருத்திய ஆணைகள் காத்திருந்தன. இந்த முறை நீதிமன்றம் பயணிகளைக் காப்பாற்றவில்லை. ஜூலை 23 அன்று கப்பல் திருப்பி அனுப்பப்பட்டது. அது அநீதி. அதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. 2016இல் கனடாவின் பிரதமர் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டார். ஆனால் இந்த இரண்டு கப்பல்களின் கதையில் இன்றைக்கும் உதவுகிற பாடம் உண்டு. எதிராளியின் பிழையைக் கண்டுபிடித்தவர் நீதிமன்றத்தில் வென்றார். தன் பிழையைக் கண்டுகொண்ட அரசோ வாதாடிக்கொண்டிருக்காமல் திருத்திக்கொண்டு வந்தது.

இன்றைய நிலைக்கு வருவோம். முதலில் பிரிட்டன், ஏனென்றால் நம் பிழைக்கும் அதிகாரியின் பிழைக்கும் உள்ள வேறுபாடு அங்கேதான் பளிச்சென்று தெரிகிறது. மாணவர் விசாவுக்குப் பணம் காட்ட வேண்டியவர், அந்தத் தொகையைக் கணக்கில் தொடர்ந்து 28 நாள் வைத்திருக்க வேண்டும். அப்பா 26ஆம் நாளில் தங்கையின் காலேஜ் ஃபீஸுக்கு எடுத்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். தொகை ஒரே நாள் குறைந்தாலும் மறுப்பு வரும். அது யார் பிழை? நம் பிழை. முறையிட்டால் தோற்போம். மறுபடி 28 நாள் வைத்துப் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும். ஆனால் ஸ்டேட்மென்ட்டில் 28 நாளும் பணம் சரியாக இருந்து, அதிகாரி ஒரு பக்கத்தைப் பார்க்காமல் விட்டுவிட்டார் என்றால்? அதற்குத்தான் நிர்வாக மறு ஆய்வு என்ற வழி இருக்கிறது. வெளிநாட்டில் இருந்து விண்ணப்பித்தவருக்கு 28 நாள் கெடு, கட்டணம் 80 பவுன். பிழை அவர்களுடையது என்று ஆனால் கட்டணமும் திரும்பி வரும். பொதுவாகப் புதிய பேப்பர் எதையும் அங்கே ஏற்கமாட்டார்கள். முன்பு கொடுத்ததைச் சரியாகப் படித்தீர்களா என்பது மட்டுமே கேள்வி.

பேரனைப் பார்க்கப் போகிற தாத்தா பாட்டிக்கு இந்த வழி இல்லை. குடும்பத்தைப் பார்க்க வருவோருக்கு இருந்த முழுமையான மேல்முறையீட்டு உரிமையைப் பிரிட்டன் 2013 ஜூன் 25இலிருந்து எடுத்துவிட்டது. அவர்களுக்குப் புது விண்ணப்பம்தான் நடைமுறையில் வழி.

ஐரோப்பாவின் ஷெங்கன் விசா வேறு மாதிரி. 2009ஆம் ஆண்டின் விசா சட்டத் தொகுப்பு மறுப்புக்கு ஒரே மாதிரியான படிவம் வைத்திருக்கிறது. காரணங்கள் வரிசையாக அச்சாகியிருக்கும். உங்களுக்குப் பொருந்துகிற கட்டத்தில் குறி போட்டிருப்பார்கள். அந்தக் கட்டத்தைப் படிக்காமலே கடிதத்தை மடித்து வைத்தவர்கள் எத்தனை பேர்! காப்பீட்டுக்கு எதிரே குறி இருந்தால், பாலிசியை எடுத்துத் தேதியைப் பாருங்கள். குறைந்தது 30,000 யூரோவுக்கு, தங்கும் எல்லா நாளுக்கும் காப்பீடு வேண்டும். திரும்பும் விமானம் 18ஆம் தேதி, பாலிசி 17ஆம் தேதி நள்ளிரவோடு முடிகிறது என்றால் அங்கேதான் பிழை. பாஸ்போர்ட்டைப் பாருங்கள். அது கடந்த பத்து ஆண்டுக்குள் வழங்கப்பட்டிருக்க வேண்டும், திரும்பிய பிறகும் மூன்று மாதம் உயிரோடு இருக்க வேண்டும்.

சரி, குறி போட்டதே தவறு என்றால்? முறையிடும் உரிமை அந்தச் சட்டத்திலேயே இருக்கிறது. எந்த நாடு மறுத்ததோ அந்த நாட்டு முறைப்படி முறையிட வேண்டும். இதற்காக ஒரு மொராக்கோக்காரர் போராடினார். அவர் மனைவியும் குழந்தையும் போலந்து நாட்டவர். அவர்களோடு போலந்து செல்ல விசா கேட்டார், தூதரகம் மறுத்தது. போலந்துச் சட்டம் நீதிமன்றக் கதவைத் திறக்கவில்லை. வழக்கு லக்சம்பர்க்கில் உள்ள ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் வரை போனது. 2017 டிசம்பர் 13 அன்று அந்த நீதிமன்றம் சொன்னது: ஏதாவது ஒரு கட்டத்தில் நீதிமன்றம் மறுப்பைப் பரிசீலிக்க வழி இருந்தே ஆக வேண்டும். அந்த ஒருவர் தம் குடும்பத்துக்காகத் தட்டிய கதவு இன்று உங்களுக்கும் எனக்கும் திறந்திருக்கிறது.

பிரான்ஸில் குறுகிய கால விசா மறுப்புக்கு 30 நாளுக்குள் நாந்த் நகரில் உள்ள விசா அதிகாரிக்கு எழுத வேண்டும், அதன் பிறகே நீதிமன்றம். ஜெர்மனியைப் பற்றி ஒரு எச்சரிக்கை. தூதரகத்துக்கே கடிதம் எழுதி மறுபரிசீலனை கேட்கும் வழக்கம் பல ஆண்டு இருந்தது. 'ரிமான்ஸ்ட்ரேஷன்' என்பார்கள். 2025 ஜூலை 1 முதல் அது உலகம் முழுவதும் நிறுத்தப்பட்டுவிட்டது. இப்போது புது விண்ணப்பம், அல்லது ஒரு மாதத்துக்குள் பெர்லின் நிர்வாக நீதிமன்றம். யாராவது உங்களிடம் பழைய வழக்கத்தைச் சொல்லிப் பணம் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

கனடாவில் பார்வையாளர், மாணவர் விசாவுக்கு மேல்முறையீடு கிடையாது. ஆனால் கூட்டாட்சி நீதிமன்றத்தில் நீதிப் புனராய்வு கேட்கலாம். நாட்டுக்கு வெளியே எடுத்த முடிவென்றால் 60 நாள் கெடு. 2019இல் கனடா உச்ச நீதிமன்றம் வாவிலோவ் வழக்கில், அதிகாரியின் காரணங்கள் பிறருக்குப் புரியும்படியும் நியாயத்தோடும் இருக்க வேண்டும் என்றது. ஒன்றை மறக்காதீர்கள். அங்கே ஜெயித்தாலும் நீதிமன்றம் விசா கொடுக்காது. வேறோர் அதிகாரி மறுபடி பார்க்கட்டும் என்று திருப்பி அனுப்பும். அமெரிக்காவிலோ தூதரக அதிகாரியின் முடிவை நீதிமன்றம் பெரும்பாலும் தொடுவதில்லை. ஆனால் நேர்காணல் முடிவில் '221 ஜி' என்று சீட்டுக் கொடுத்தால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்காராதீர்கள். பேப்பர் குறைகிறது என்று கேட்டிருந்தால், ஓராண்டுக்குள் கொடுக்கலாம். அதற்குப் புதுக் கட்டணம் இல்லை.

விதிகள் மாறும், கட்டணம் மாறும். கெடு எது என்பதை அந்தக் கடிதத்திலேயே பாருங்கள்.

இப்போது தமிழர்களாகிய நமக்கே உரிய ஒரு சிக்கலுக்கு வருகிறேன். நம் பெயர்! உலகத்துப் படிவங்களில் இரண்டு கட்டம் இருக்கிறது. ஒன்று இட்ட பெயருக்கு, இன்னொன்று குடும்பப் பெயருக்கு. நமக்கு ஏது குடும்பப் பெயர்? சாதிப் பெயரைப் பெயரின் வாலிலிருந்து வெட்டியெறிந்த சமூகம் நாம். அதற்காக நான் பெருமைப்படுகிறேன். நமக்கு இருப்பது அப்பாவின் முதலெழுத்து. எஸ். முருகன். பத்தாம் வகுப்பு மார்க்ஷீட்டில் இனிஷியல் முன்னால். ஆதாரில் பின்னால். பாஸ்போர்ட்டில் விரித்தெழுதி முருகன் சுப்பிரமணியன். விமான டிக்கெட்டில் சுப்பிரமணியன் முருகன். திருமணச் சான்றிதழில் மனைவியின் பெயரோடு சேர்ந்திருப்பது அவருடைய அப்பாவின் இனிஷியலா, கணவரின் இனிஷியலா? வெளிநாட்டு மேசையில் உட்கார்ந்திருப்பவருக்கு இவர்கள் மூன்று நான்கு பேராகத் தெரிகிறார்கள். கர்நாடகத்தில் பிறந்த நம் பிள்ளைகளுக்கு இன்னொன்றும் உண்டு. கன்னடத்தில் எழுதிய பிறப்புச் சான்றிதழை ஆங்கிலமாக்கும்போது எழுத்து ஒன்று கூடும், ஒன்று குறையும்.

2022 நவம்பரில் என்ன நடந்தது? பாஸ்போர்ட்டில் ஒரே கட்டத்தில் மட்டும் பெயர் உள்ளவர்கள் சுற்றுலா விசாவில் வர முடியாது என்று ஐக்கிய அரபு அமீரகம் அறிவித்தது. எத்தனை தமிழர்கள் தவித்துப் போனார்கள்! பிறகு, பாஸ்போர்ட்டின் கடைசிப் பக்கத்தில் அப்பாவின் பெயர் இருந்தால் ஏற்போம் என்று தளர்த்தினார்கள். அமெரிக்க விசாவில் இட்ட பெயர் இல்லை என்று மூன்று எழுத்தைப் போட்டு அனுப்பிவிடுவார்கள். பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர் குடும்பப் பெயரின் இடத்துக்குப் போய்விடும்.

இதற்கு விசா மறுத்த பிறகு முறையீடு எழுதுவதைவிட, இன்றே வீட்டில் உட்கார்ந்து எல்லாச் சான்றிதழையும் மேசையில் பரப்பிப் பார்ப்பது மேல். பாஸ்போர்ட்டில் இரண்டு கட்டமும் நிரம்பியிருக்கட்டும். மற்ற காகிதங்களை அதற்குப் பொருந்தும்படி திருத்துங்கள். திருத்த முடியாத பழைய சான்றிதழுக்கு, "இரண்டு பெயரும் ஒரே நபரைக் குறிப்பவை" என்று நோட்டரி முன் ஒரு அஃபிடவிட். திருமணத்தைப் பதிவு செய்யாதவர்கள் சப்-ரெஜிஸ்ட்ரார் அலுவலகம் போய்ப் பதிந்துவிடுங்கள். எல்லாத் திருமணமும் பதிவாக வேண்டும் என்று நம் உச்ச நீதிமன்றம் 2006லேயே சொல்லிவிட்டது.

இனி நான் சொல்லப்போவது கடுமையாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். பிழையைப் பொய்யால் மூடாதீர்கள். முதல் விண்ணப்பத்தில் சம்பளத்தைத் தவறாக எழுதிவிட்டோம், இரண்டாவதில் அதை மறைக்க ஒரு கடிதம் தயார் செய்வோம் என்று எவராவது சொன்னால், அந்த ஆள் உங்கள் நண்பர் அல்ல. பிழைக்கு மறுப்புதான் தண்டனை. பொய்க்கு, கனடாவில் ஐந்து ஆண்டுத் தடை. ஆஸ்திரேலியாவில் மூன்று ஆண்டு. 2023இல் கனடாவில் இந்திய மாணவர்கள் பலர், பெரும்பாலும் பஞ்சாப் பிள்ளைகள், நாடு கடத்தப்படும் நிலையில் நின்றார்கள். அவர்கள் கையில் இருந்த கல்லூரி அனுமதிக் கடிதங்கள் போலி. பலருக்கு அது தெரியவே தெரியாது என்றார்கள். ஏஜென்ட் கொடுத்ததை நம்பிக் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். கனடா அரசு குழு அமைத்து, ஏமாற்றப்பட்டவர்களைத் தனியே பிரித்துப் பார்க்க ஒப்புக்கொண்டது. ஆனால் அந்தப் பிள்ளைகளும் பெற்றோரும் பட்ட பாட்டை யார் திருப்பிக் கொடுப்பது? படிவத்தை யார் நிரப்பினாலும் கையெழுத்து உங்களுடையது. நிரப்பிய படிவத்தின் நகலைக் கேட்டு வாங்கி, ஒவ்வொரு வரியையும் படியுங்கள். காட்ட மாட்டேன் என்பவரிடம் பாஸ்போர்ட்டைக் கொடுக்காதீர்கள்.

முறையீட்டுக் கடிதம் எப்படி இருக்க வேண்டும்? நம்மவர்கள் எழுதும் கடிதத்தில் குடும்ப கௌரவம் இருக்கும், சொந்த வீடு இருக்கும், மகளின் கண்ணீர் இருக்கும். அவர்கள் சொன்ன காரணத்துக்குப் பதில் மட்டும் இருக்காது. அந்தக் கண்ணீர் உண்மைதான், நான் அதை மதிக்கிறேன். ஆனால் படிக்கிறவர் தேடுவது வேறு. முதல் வரியில் விண்ணப்ப எண்ணும் மறுப்புத் தேதியும். அடுத்து அவர்கள் எழுதிய காரணம், அவர்களுடைய சொற்களிலேயே. அதன் கீழே: "இதற்கான சான்று நான் முன்பே கொடுத்த வங்கி அறிக்கையின் மூன்றாம் பக்கத்தில் இருக்கிறது." அந்தப் பக்கத்தின் நகல், தொகைக்குக் கீழே கோடு. கன்னடத்திலோ தமிழிலோ உள்ள சான்றிதழுக்குச் சான்றளித்த ஆங்கில மொழிபெயர்ப்பு. ஒரு பக்கம், மிஞ்சினால் ஒன்றரைப் பக்கம். விண்ணப்பம் வாங்கும் மையத்தில் போய் அங்கே உட்கார்ந்திருக்கும் பெண்ணிடம் கோபப்படாதீர்கள். அவர் பேப்பரை வாங்கி அனுப்புகிறவர். முடிவு அவர் கையில் இல்லை.

ஐயா, நம் நாட்டு நீதிமன்றத்தில் வழக்குப் போட முடியாதா என்று கேட்பீர்கள். வெளிநாட்டின் விசா முடிவை நம் நீதிமன்றம் விசாரிக்க முடியாது. ஆனால் மறுப்புக்குக் காரணமான பிழை நம் பாஸ்போர்ட்டிலேயே இருந்தால்? கோரமங்களா மண்டலப் பாஸ்போர்ட் அலுவலகம் நம்முடையது. 1967ஆம் ஆண்டின் பாஸ்போர்ட் சட்டத்தில் மேல்முறையீட்டுக்குத் தனிப் பிரிவே இருக்கிறது. அந்தச் சட்டம் எப்படி வந்தது? வெளிநாடு செல்வது குடிமகனின் உரிமை என்று உச்ச நீதிமன்றம் அதே ஆண்டு தீர்ப்புச் சொன்ன பிறகு வந்தது. 1978 ஜனவரி 25 அன்று மேனகா காந்தி வழக்கில் அந்த நீதிமன்றம் இன்னொரு படி மேலே போனது. பாஸ்போர்ட்டைப் பறிக்கும் நடைமுறை நேர்மையாக, நியாயமாக இருக்க வேண்டும், பாஸ்போர்ட்டுக்கு உரியவர் தரப்பைக் கேட்க வேண்டும் என்றது. ஆகவே அங்கே போகும்போது கெஞ்சிக்கொண்டு போகாதீர்கள். எழுத்தில் கேளுங்கள், எழுத்தில் பதில் வாங்குங்கள்.

நிறைவாக இந்தத் தமிழ்ச் சங்கத்தாரிடம் ஒரு வேண்டுகோள். இங்கே ஓய்வுபெற்ற வங்கி மேலாளர்கள் இருக்கிறார்கள், வழக்கறிஞர்கள் இருக்கிறார்கள், கன்னடமும் தமிழும் ஆங்கிலமும் ஒருசேர எழுதத் தெரிந்த ஆசிரியர்கள் இருக்கிறார்கள். வாரம் ஒரு நாள், மாலை இரண்டு மணி நேரம், ஒரு மேசை போடுங்கள். மறுப்புக் கடிதத்தோடு வருகிறவருக்கு அதைப் படித்துக் காட்டுங்கள். எந்தக் கட்டத்தில் குறி, எத்தனை நாள் கெடு, பிழை யாருடையது என்று சொல்லி அனுப்புங்கள். காசு வேண்டாம். அந்த மேசையில் முதல் வாரம் உட்கார நான் வருகிறேன். இன்று இந்த அரங்கத்திலேயே யாரிடமாவது அப்படி ஒரு கடிதம் இருந்தால், கூட்டம் முடிந்ததும் முன்வரிசைக்கு வாருங்கள். கொடுத்த விண்ணப்பத்தின் நகலையும் கொண்டு வாருங்கள், அது இல்லாமல் எதையும் சொல்ல முடியாது.